எவ்வளவு நோகிறது? நோவை அளக்க முயன்றவர்களின் வரலாறு

நாம் தஞ்சம் புகுந்து வாழும் நாடுகளின் வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை முடிந்து கண்விழிக்கும் நோயாளியிடம் தாதி கேட்பது பெரும்பாலும் ஒரு கணக்குக் கேள்வி. "பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய நோவு. உங்களுடையது எத்தனை?" எம்மவரில் மூத்தோர் பலருக்கு இக்கேள்வி விளையாட்டாகவே படுகின்றது. நோவுக்குப் புள்ளி போடுவதா என்று சிரிப்போரும் உளர். வேறு சிலர், பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்றெண்ணி, "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வர். தாம் சொல்லும் அந்த எண்ணை வைத்தே தமக்குரிய மருந்தின் அளவு பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதை அவர்கள் அறியார். நோயாளியிடமே கேட்டறிய வேண்டும் என்ற எளிய முடிவுக்கு வருவதற்கு மருத்துவ உலகுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன என்பதையும் நம்மிற் பலர் அறியோம்.

கதை ஜேர்மனியில் ஆரம்பமாகின்றது. பாடர்போர்ன் நகரத்து மருந்துக்கடையொன்றில் உதவியாளராக இருந்த பிரீட்ரிக் சேர்ட்டூர்னர் என்னும் இளைஞர், 1805-ஆம் ஆண்டளவில் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியுஸின் பெயரை அதற்குச் சூட்டினார். தன்மீதும் மூன்று இளைஞர்கள்மீதும் அதைச் சோதித்து, 1817-ல் தமது முடிவுகளை வெளியிட்டார். அபின் செடிக்குச் செடி, கட்டிக்குக் கட்டி வீரியம் மாறுவது. மோர்பினோ தராசில் நிறுத்துக் கொடுக்கத்தக்கது. 1853-ல் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் வூட் ஊசிக்குழலின் மூலம் அதைத் தோலின் கீழ்ச் செலுத்தினார். மருந்தை அளக்கும் வழி இவ்வாறு கிடைத்துவிட்டது. நோவை அளக்கும் வழியோ எவரிடமும் இருக்கவில்லை.

இதற்கிடையில், 1846 ஒக்டோபர் 16-ஆம் நாள் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டியதோடு சத்திரசிகிச்சையின் முகமே மாறியது. அந்நாள் மனித வேதனைக்கு முடிவுகட்டிய நாள் என்று புகழ்ந்தோர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். மயக்கம் காத்தது கத்தி பாயும் நேரத்தை மட்டுமே. நோயாளி துடிக்காமையால் வைத்தியர்கள் முன்னர் தொடத் துணியாத வயிற்றையும் நெஞ்சையும் ஆறுதலாகத் திறக்கத் தொடங்கினர். விழித்தெழுந்தபின் வரும் நோவுக்கு முன்னிலும் அதிகமானோர் ஆளாயினர். அந்த நோவுக்கு உரியவர் யார்? சத்திரவைத்தியரின் வேலை முடிந்துவிட்டது. மயக்கமருந்து கொடுத்தவரின் வேலையும் முடிந்துவிட்டது. எஞ்சியவர் இரவுக் கடமையிலுள்ள தாதி ஒருவரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கத்திலிருந்த முறை இதுதான். பத்து மில்லிகிராம் மோர்பின், தசையில் ஊசியாக, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, "தேவைப்படின்". தேவையைத் தீர்மானிப்பவர் யார் என்பது அக்கட்டளையில் எழுதப்படவில்லை. நோயாளி நோவைப் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் அழைக்க வேண்டும், தாதி வர வேண்டும், நம்ப வேண்டும், பூட்டிய அலுமாரியின் திறப்பை எடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுதிய பின்னரே ஊசி போடப்படும். ஊசி வேலை செய்யத் தொடங்குவதற்கு மேலும் நேரம் வேண்டும்.

நோவுக்கு ஓர் அளவுகோல் செய்யும் முயற்சியில் 1940-ல் நியூயோர்க்கில் மூவர் இறங்கினர். ஜேம்ஸ் ஹார்டி, ஹரல்ட் வூல்ஃப், ஹெலன் கூடெல் என்போரே அவர்கள். கரி பூசிய நெற்றியின்மீது வலுவான விளக்கொளியை மூன்று விநாடி குவித்து, எந்தச் சூட்டில் நோவு தொடங்குகின்றது, எந்தச் சூட்டில் அது மேலும் கூடாத உச்சத்தை அடைகின்றது எனக் குறித்தனர். பெரும்பாலும் தம்முடைய நெற்றிகளையே சோதனைக்குக் கொடுத்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். வெப்பத்துக்குப் பாகை இருப்பதுபோல நோவுக்கு 'டொல்' என்றோர் அலகையும் வகுத்தனர். உச்சம் பத்தரை டொல். பிள்ளைப்பேற்று நோவிலிருந்த பெண்களின் கைகளில் இதே சூட்டைப் பாய்ச்சி, இரண்டில் எது பெரிதென்று அவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வும் நடந்தது. கையில் தீக்காயம் ஏற்படும் அளவுக்குச் சூடு கூட்டப்பட்டதும் உண்டு. பெற்றுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "நோகிறதா" என்று கேட்டு அவள் சொல்லை ஏற்பதைவிட, அவள் கையைச் சுடுவதே விஞ்ஞானம் என்று கற்றோர் எண்ணிய காலம் அது.

கருவியின் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மயக்கமருந்துப் பேராசிரியர் ஹென்றி பீச்சர் தமது ஆய்வுகூடத்தில் அதைச் சோதித்தபோது, மோர்பின் கொடுத்தாலும் பலரது நெற்றிச் சூட்டின் எல்லை நம்பத்தக்கவாறு மாறவில்லை. நோயாளிகளின் வேதனையைத் தெளிவாகத் தணிக்கும் மருந்து, கருவியின் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியாயின் கருவி அளந்தது எதை? பீச்சருக்கு இந்த ஐயம் வெறும் ஆய்வுகூடத்திலிருந்து வந்ததன்று. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் அவர் கண்டவையும் அதற்குக் காரணம்.

அன்சியோக் கடற்கரையிலும் கசினோ முனையிலும் காயமுற்று வந்த படையினர் இருநூற்றுக்கு மேற்பட்டோரிடம் அவர் நேரே கேட்டார். எலும்பு முறிந்தவர்கள், வயிற்றிலும் நெஞ்சிலும் துளைபட்டவர்கள். பல மணித்தியாலங்களாக மோர்பின் பெறாத நிலையிலும், அவர்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தமக்கு நோவு மருந்து தேவையில்லை என்றனர். அவர்கள் உணர்விழந்தவர்களும் அல்லர். ஊசியைத் தவறாகக் குத்தினால் மற்றெவரையும்போலவே சினந்தனர். இதனை அவர் 1946-ல் வெளியிட்டார். பத்தாண்டுகளின் பின், சத்திரசிகிச்சை பெற்ற 150 பொதுமக்களோடு ஒப்பிட்டு 1956-ல் மீண்டும் எழுதினார். படையினருள் மருந்து கேட்டோர் நூற்றுக்கு 32 பேர். பொதுமக்களுள் நூற்றுக்கு 83 பேர். காயத்தின் பருமனுக்கும் நோவின் பருமனுக்கும் நேர்த் தொடர்பில்லை, காயம் அம்மனிதனுக்கு எதைக் குறிக்கின்றது என்பதே பெரிது என்பது அவர் முடிவு. படைவீரனுக்குக் காயம் போர்முனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பும் அனுமதிச் சீட்டு. பொதுமகனுக்கு அதுவே பேரிடரின் தொடக்கம். இரு கூட்டத்தாரும் முற்றாக ஒப்பிடத்தக்கவர்கள் அல்லர் என்பது உண்மை. எனினும், ஷெல் வீழ்ந்த மண்ணிலிருந்து வந்த எமக்கு அவர் சொன்னதன் சாரம் விளங்காத ஒன்றன்று.

அதே போர்முனையில் பீச்சர் வேறோர் ஆபத்தையும் கண்டார். குளிரிலும் இரத்தப்பெருக்கிலும் உடல் ஒடுங்கிக் கிடந்தோருக்குத் தோலின் கீழ்ப் போடப்பட்ட மோர்பின் அங்கேயே தங்கிவிடும். பலன் காணாததால் இரண்டாவது, மூன்றாவது ஊசியும் போடப்படும். பின்னர் உடல் சூடேறி இரத்த ஓட்டம் மீளும்போது அத்தனையும் ஒருசேர இரத்தத்தில் கலந்து மூச்சை அடக்கிவிடும். நோவைக் கணிப்பதில் வரும் தவறு இரு பக்கமும் வெட்டும் கத்தி என்பது அப்போதே தெரிந்திருந்தது.

போர் முடிந்தபின், கருவியை விட்டுச் சொல்லைப் பிடித்தனர் சிலர். லண்டனில் கென்னத் கீல் 1948-ல் நோவு அட்டவணை ஒன்றை வெளியிட்டார். மணிக்கணக்கில் நோயாளியின் நோவைக் குறித்து வைப்பது அது. நியூயோர்க்கின் சுலோன்-கெற்றரிங் நிலையத்தில் றேமண்ட் ஹூட் என்ற வைத்தியரும் ஏடா றொஜர்ஸ் என்ற தாதியும் 1950-களில் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். இல்லை, சிறிது, நடுத்தரம், கடுமை என நான்கே படிகள். பயிற்சி பெற்ற தாதி கட்டில் கட்டிலாகச் சென்று கேட்பார். எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அவரும் அறியார், நோயாளியும் அறியார். பத்து மில்லிகிராம் மோர்பினை முழக்கோலாக வைத்து ஏனைய மருந்துகள் யாவும் ஒப்பிடப்பட்டன. இன்றைக்கும் ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வைத்தியர் பார்க்கும் சமவலு அட்டவணைகள் அக்கட்டில்களின் அருகிற் பிறந்தவையே. கருவி செய்யாததைக் கேள்வியும் பென்சிலும் செய்தன என்றால் மிகையாகாது.

இங்கே ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. மருந்தற்ற வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டாலும், சத்திரசிகிச்சை நோயாளிகளுள் ஏறக்குறைய மூன்றிலொருவர் ஆறுதல் அடைவதை பீச்சரும் லூயிஸ் லசாக்னாவும் காட்டினர். உடனே சிலர், உப்புநீருக்கு ஆறுதல் கொள்பவர் பொய் நோவுக்காரர் என்று முடிவுகட்டி, நோயாளிகளை அவ்வாறே சோதிக்கவும் தொடங்கினர். வயிறு வெட்டப்பட்டு தையல் ஆறாதவனின் நோவு எப்படிப் பொய்யாகும்? ஆய்வு சொன்னது நம்பிக்கைக்கும் நோவைத் தணிக்கும் வலுவுண்டு என்பதை மட்டுமே.

கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் றொனால்ட் மெல்சாக் வேறொரு வழியிற் சென்றார். எண்ணுக்கு முன்னர் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். நோயாளிகள் நோவை வருணிக்கும் 102 ஆங்கிலச் சொற்களை ரோர்கசன் என்பவரோடு சேர்ந்து 1971-ல் தரம் பிரித்தார். 1975-ல் வெளிவந்த அவரது வினாக்கொத்து இன்றும் வழக்கிலுள்ளது. உடல் உணர்வது ஒன்று, மனம் அஞ்சுவது ஒன்று, மொத்தத்தில் எவ்வளவு என்பது இன்னொன்று எனச் சொற்கள் தாமே கூட்டம் பிரிந்தன.

எமது மொழியை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. தலைக்கு இடி, பல்லுக்குக் கொதி, வயிற்றுக்கும் காதுக்கும் குத்து, நாரிக்குப் பிடிப்பு, கைகாலுக்கு உளைவு, காயத்துக்குக் கடுப்பு. ஊரில் ஒரு மூதாட்டி "பிடிப்பில்லை, உளைவுதான்" என்றால் கேட்பவருக்குப் பாதி நோய் விளங்கிவிடும். இங்கோ அம்மூதாட்டியின் அருகில் நின்று மொழிபெயர்ப்பது பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளை. குத்தும் கடுப்பும் உளைவும் பிள்ளையின் வாயில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. அச்சொல்லும், வைத்தியர் முன் பிள்ளைக்குள்ள கூச்சத்தால், பாதியாகக் குறைகின்றது. வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எமது கௌரவத்துக்கு இழுக்கு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

1974-ல் லண்டனைச் சேர்ந்த ஹஸ்கிசன் பத்துச் சென்ரிமீற்றர் நீளக் கோடொன்றை நோயாளியிடம் நீட்டி, நோவின் இடத்தில் ஒரு கீறு போடச் சொல்லும் முறையைப் பரப்பினார். பூச்சியம் முதல் பத்து வரையிலான கேள்வி அக்கோட்டின் பேச்சு வடிவம் எனலாம்.

அளவுகோல் வந்தது, மருந்து வந்ததா? 1973-ல் மார்க்ஸ், சாக்கர் என்ற இரு நியூயோர்க் வைத்தியர்கள், நோவுக்காக அபின்வழி மருந்து பெற்றுவந்த 37 நோயாளிகளைச் சந்தித்தனர். நூற்றுக்கு 32 பேர் மருந்து பெற்றும் கடும் வேதனையிலும், 41 பேர் நடுத்தர வேதனையிலும் இருந்தனர். வைத்தியர் தேவையிலும் குறைவாக எழுதினர். தாதியர் எழுதியதிலும் குறைவாகக் கொடுத்தனர். நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவார் என்ற மிகைப்பட்ட அச்சமே காரணம். பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் ஜோஆன் ஈலண்ட் என்ற தாதி ஆராய்ந்த, சத்திரசிகிச்சை பெற்ற 25 பிள்ளைகளுள் 13 பேருக்கு நோவு மருந்தே கொடுக்கப்படவில்லை என 1977-ல் வெளியாயிற்று. பச்சிளம் குழந்தை நோவை உணராது என்ற எண்ணத்தை, இந்தியாவில் மருத்துவம் கற்று ஒக்ஸ்போட்டில் ஆய்வு செய்த ஆனந்த் என்ற வைத்தியர் 1987-ல் தகர்த்தார். குறைமாதக் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சையின்போது போதிய நோவு மருந்து கொடுத்தால் பின்விளைவுகள் குறைகின்றன என்று அவர் காட்டினார். எண் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டையும் 1980-களிலேதான் வழக்கத்துக்கு வந்தது.

நோயாளியின் கையிலேயே மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர் பிலிப் செக்சர். நோயாளி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நரம்பின் வழியே சிறிதளவு மருந்து கொடுக்கும் முறையை அவர் 1968-ல் விளக்கினார். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் அதற்கெனச் செய்யப்பட்ட இயந்திரம் 1976-ல் அறிமுகமாயிற்று. ஓர் அழுத்தத்துக்கு ஒரு மில்லிகிராம் அளவில் மோர்பின். அதன்பின் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் கொடுக்காது. இதன் காவல் நோயாளியின் உறக்கத்தில் இருக்கின்றது. மருந்து மிகுந்தால் மூச்சு அடங்குமுன் தூக்கம் வரும். தூங்குபவர் அழுத்த மாட்டார். ஆகவே தாய் நோவோடு தூங்குகிறாளே என்று இரங்கி மகன் அப்பொத்தானை அழுத்துவது அவள் உயிரோடு விளையாடுவதாகும். பாசமுள்ள குடும்பங்களிலேயே இது நடக்கின்றது, மரணங்களும் நேர்ந்துள்ளன.

நோயாளிகள் தாமே எடுத்துக்கொண்ட அளவுகள் பழைய நம்பிக்கைகள் பலவற்றைப் பொய்யாக்கின. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1996-ல் வெளியான முடிவின்படி, தேவையைச் சிறப்பாக முன்னுரைப்பது வயது, உடல்நிறை அன்று. நூறிலிருந்து வயதைக் கழித்தால் முதல் நாளில் எடுக்கப்படும் மோர்பினின் சராசரி மில்லிகிராம் ஏறக்குறையக் கிடைத்தது. நாற்பது வயதினருக்கு அறுபது, எழுபது வயதினருக்கு முப்பது. ஆனால் ஒரே வயதினரிடையேயும் தேவை பத்து மடங்கு வரை வேறுபட்டது. எல்லோருக்கும் பத்து மில்லிகிராம் என்ற பழைய விதி எத்தனை பேரை வருத்தியிருக்கும், எத்தனை பேரை மூச்சடக்கியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

எம்மைப் போன்றோரை நேரே தொடும் செய்தியும் இவ்வியந்திரத்தின் பதிவுகளிலிருந்தே வந்தது. ஹவாய்த் தீவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்த இருவர், ஜப்பானிய, சீன, பிலிப்பைன்ஸ் வம்சத்தினர் வெள்ளையரைவிடக் குறைந்த மருந்தே பெற்றனர் என்று 1981-ல் எழுதியிருந்தனர். கீழைத்தேயத்தவர் பொறுமைசாலிகள், அவர்களுக்குத் தேவை குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. 1996-ல் கலிபோர்னியாவில் 454 நோயாளிகளின் பதிவுகள் ஆராயப்பட்டன. வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவு இனத்துக்கு இனம் வேறுபட்டது. நோயாளிகள் தாமே அழுத்திப் பெற்ற அளவிலோ இனத்தால் வேறுபாடு காணப்படவில்லை. பொறுமைசாலி என்ற பட்டம் கட்டிலில் கிடந்தவரிடமிருந்து வரவில்லை. எழுதுகோல் பிடித்தவரிடமிருந்து வந்தது. அந்தப் பட்டத்தை நாமும் "கொஞ்சம்" என்ற சொல்லால் உறுதிப்படுத்திக் கொடுக்கின்றோம் என்பது என் எண்ணம்.

இதன் பின்னர் வந்த அத்தியாயம் துயரமானது. நோவைக் கவனியாத குற்றத்தை உணர்ந்த அமெரிக்க மருத்துவ உலகு, 1990-களின் நடுப்பகுதியில் நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம் என்பவற்றோடு நோவையும் ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பியது. 2001-ல் வைத்தியசாலைகளைத் தரம் பார்க்கும் ஆணைக்குழுவும் நோவை முறையாக மதிப்பிட வேண்டும் என விதித்தது. நோக்கம் நன்றே. ஆனால் 1996-ல் ஒக்சிகொன்ரின் மாத்திரை சந்தைக்கு வந்திருந்தது. 1980-ல் வெளியான ஐந்தே வாக்கியக் கடிதமொன்று, வைத்தியசாலையில் இம்மருந்து பெற்ற 11,882 பேருள் நால்வரே அடிமையாயினர் என்று கூறியிருந்தது. வைத்தியசாலைக்குள் சில நாட்கள் கொடுத்ததைப் பற்றிய அக்கடிதம், வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குவதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மாத்திரையை விற்ற பேர்டியூ நிறுவனம் அதன் ஆபத்தை மறைத்து விளம்பரம் செய்ததாக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016-ல் அவசரநிலை பிரகடனம் செய்தது. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் பொருட்களால் 80,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது களவாகச் செய்யப்பட்ட ஃபென்ரனில். சத்திரசிகிச்சைக்கு முன்னர் இம்மருந்தை அறியாதோருள் நூற்றுக்கு ஆறு பேரளவில் மூன்று மாதங்கள் கடந்தும் அதைத் தொடர்ந்து பெற்றனர் என 2017-ல் மிச்சிகன் ஆய்வாளர்கள் கண்டனர். சத்திரசிகிச்சை பெரிதோ சிறிதோ, இவ்விகிதம் அதிகம் மாறவில்லை.

பிழை கேட்டதில் இருக்கவில்லை. ஏழு என்ற சொல்லைக் கேட்டதும், அந்த மனிதரைப் பார்க்காமல், ஏழுக்குரிய மாத்திரையை எழுதியதில் இருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்தாவது உயிர்க்குறி என்ற கொள்கையை 2016-ல் கைவிடத் தீர்மானித்தது. இன்று பல வைத்தியசாலைகளில் பரசிற்றமோல் போன்ற எளிய மருந்துகளும், வெட்டிய இடத்து நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் முதலில் நிற்கின்றன. அபின்வழி மருந்து எஞ்சிய நோவுக்குச் சில நாட்கள் மட்டும். எண்ணோடு வேறு கேள்விகளும் சேர்ந்துள்ளன. இருமும்போது எப்படி? ஆழ மூச்செடுக்க முடிகின்றதா? எழுந்து கழிப்பறை வரை நடக்க முடிகின்றதா? அசையாமற் படுத்திருந்தே "மூன்று" என்று சொல்லும் முதியவர் இருமலுக்கு அஞ்சிச் சளியை அடக்குவாராயின், இரண்டொரு நாளில் நுரையீரலில் நோய் பற்றலாம். ஆகவே அவரிடம் இப்போது படுத்திருக்கும் எண்ணையும் இருமும் எண்ணையும் வெவ்வேறாகக் கேட்கின்றனர்.